கண் ஊசியும் ஆடிச் சீரும்

செவிலிமேட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மாணிக்கவாசகம் அண்ணன் ஒரு காபித்தூள் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார். அங்கே குடிக்கப்போகும் ஒரு டம்ளர் காபிக்கு அது ஈடு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கொடுக்கலாம், அவளிடம் வாங்கக்கூடாது என்பார். அவர் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் நான் பல வருடமாக இதைப் பார்த்து வருகிறேன்.

போன வருடம் சர்க்கரையால் அவருடைய வலது கண் மங்கியது. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர். மகளின் ஆடிச் சீருக்கு வைத்திருந்ததை எடுத்து முதல் ஊசிக்கு ரொக்கமாகக் கட்டினார். அடுத்த ஊசிக்குக் கையில் இல்லை. தறியில் இருக்கும் புடவை இறங்கிக் கூலி வரட்டும் என்றார். அறுந்த இழையை அவர் விரலால் தடவித் தேடுவதைப் பார்த்தபிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. நான்தான் அவர் மகள் சுகாசினிக்குப் போன் போட்டேன்.

ஒரகடம் கம்பெனியில் வேலை முடிந்ததும் அவள் நேராக இங்கே வந்தாள்.

“உன் காசுல வைத்தியம் வேணாம்மா” என்றார் அண்ணன்.

“எனக்கும் இதுல லாபம் இருக்குதுப்பா. உனக்கு அறுபது தாண்டிடுச்சு, இன்சூரன்ஸும் இல்ல. உன் வைத்தியச் செலவை நான் கட்டினா, வருசத்துக்கு அம்பதாயிரம் வரைக்கும் என் வருமானத்துல கழிச்சிட்டுத்தான் வரி போடுவாங்க. நான் பழைய முறையில வரி கட்றேன், அதனால எனக்கு உண்டு. ஆனா கார்டுலயோ போன்லயோ கட்டணும். நீ நோட்டா கட்டினியே, அதுக்கு ஒண்ணும் கிடையாது.”

“அப்ப கட்டினது அத்தனையும் உனக்குத் திரும்பி வருதா?”

சுகாசினி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன்.

“இல்லப்பா. அஞ்சுல ஒரு பங்கு வரி குறையும். அவ்ளோதான்.”

“மீதி உன் காசுதான?”

“ஆமா. இந்த வருசம் ஆடிச் சீர் நீ குடுக்கலியே. குறையிற வரியை அந்தச் சீரா வெச்சிக்கிறேன்.”

“மீதிக்கு?”

“மீதிக்குக் காபித்தூள் வாங்கினு வா.”

அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் தறிப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, “எந்த பஸ்ஸுல போலாம்?” என்று கேட்டார்.

துணைக்கு நானும் போனேன். மருந்து வாங்கும் இடத்தில் பழக்கத்தில் அவர் கை மடிக்குப் போனது. சுகாசினி மணிக்கட்டைப் பிடித்தாள். “நோட்டை எடுத்து என் சீரைக் கெடுக்காதப்பா.”

ஊசி இன்னும் முடியவில்லை. கண் முழுசாகத் தெளியவில்லை, மேற்கொண்டு கெடவும் இல்லை. அறுந்த இழையைக் கண்ணால் பார்த்தே முடிச்சுப் போடுகிறார். ஊசிக்குச் சுகாசினி போனில் கட்டுகிறாள். காபித்தூள் இப்போது இரண்டு பொட்டலம் போகிறது.