தும்பிக்கை மட்டும்தான்

இரண்டாயிரமாவது வருடம் பிறந்த புதிதில், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். என் கணவர் இடுப்பில் அடிபட்டு வீட்டில் படுத்திருந்த நேரம். களிமண் கரைசலை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து யானை பொம்மையை எடுக்க வேண்டும். மற்றவர்கள் பிரித்தால் யானை வரும். நான் பிரித்தால் துண்டுகள்தான் வரும். தினமும் இதே கதை. ஒரு சாயங்காலம் அழுகையே வந்துவிட்டது.

“செல்வி, நாளையிலேர்ந்து நான் வரல” என்றேன், பக்கத்தில் வேலை செய்தவளிடம்.

அவள் நான் உடைத்த யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மொத நாளு மொத்த யானையும் போச்சு. அப்புறம் காலு போச்சு. இன்னிக்கு தும்பிக்கை மட்டும்தான் போயிருக்குது. இப்பப் போயி நின்னுக்கிறேங்கிறியே!”

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். உடையாமல் வந்திருந்த நான்கு கால்களும் அப்போதுதான் என் கண்ணில் பட்டன.

மறுநாள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்து அச்சைப் பிரித்தேன். தும்பிக்கை நுனியில் மட்டும் விரிசல். அதற்கடுத்த நாளும் போனேன். அந்த வாரமே ஒரு யானை முழுசாக வந்தது. செல்வி பட்டறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

இன்றும் ஒரு காரியம் கைகூடாவிட்டால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், நேற்றைவிட இன்று எவ்வளவு தேறியிருக்கிறது என்று ஒருமுறை பார்க்காமல் நான் எதையும் கைவிடுவதில்லை.