அத்தான் ஒட்டிய அந்துப்பூச்சி

என் அக்கா கணவர் கணினி பழுதுபார்ப்பவர். கடைக்கு வருகிறவர்களை உட்காரச் சொல்வது என் வேலை; உட்கார்ந்தவர்களை எழவிடாமல் பேசுவது அத்தான் வேலை.

பேச்சு எப்போதும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. கணினிக் கோளாறுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற கதை. ஒரு காலத்தில் அறை நிறைய இருந்த இயந்திரத்துக்குள் அந்துப்பூச்சி சிக்கி வேலை நின்றுபோனதாம். அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, ஒரு வரியும் எழுதி வைத்தார்களாம். "அன்னைக்குப் பொறந்ததுங்க இந்தப் பேரு!" என்று முடித்து, சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டத்தைக் காட்டுவார். உள்ளே டேப் போட்டு ஒட்டிய ஒரு பூச்சி. அது எங்கள் குளியலறை விளக்கடியில் செத்துக் கிடந்தது என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

கதை அளப்பாரே தவிர, வேலையில் பொய் கிடையாது. கோளாறு இதுதான் என்று அவர் முதலில் சொன்னது தவறாகிவிட்டால், 'சொன்னது: பவர் சப்ளை. இருந்தது: கேபிள்' என்று துண்டுச் சீட்டில் எழுதி, அந்தக் கணினி மேலேயே ஒட்டி அனுப்புவார்.

"உங்க மானத்த நீங்களே கோந்து போட்டு ஒட்டுறீங்களே அத்தான்" என்பேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

போன வருடம் கடை ஆட்டம் கண்டது. கைபேசியே போதும் என்று பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்துப் பள்ளியின் நாற்பது கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தால் கடை தப்பும். இல்லையென்றால் பூட்டிவிட்டு, அத்தான் வேறு யார் கடையிலாவது கைகட்டி நிற்க வேண்டும். தலைமையாசிரியை வரச் சொல்லியிருந்தார். பூச்சிக் கதையை மட்டும் எடுக்க வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனிதர் சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்தார்.

தலைமையாசிரியை கதையை முழுக்கக் கேட்டார். "அந்த ஒரு வரி என்னன்னு சொல்லலையே?"

"நிஜமாவே பூச்சி கிடைச்ச முதல் தடவைன்னு எழுதினாங்கம்மா."

"அப்போ கோளாறுக்குப் பூச்சின்னு பேரு முன்னாடியே இருந்திருக்கு. அதனாலதானே நிஜப் பூச்சி கிடைச்சதும் வேடிக்கையா எழுதியிருக்காங்க?"

இருபது வருடமாக அந்த வரியைச் சொல்லிவந்தவர், ஒரு நாள்கூட அதை யோசித்துப் பார்த்ததில்லை. எதையாவது சொல்லி மழுப்பட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அத்தான் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். 'சொன்னது: பூச்சியால் வந்த பெயர். இருந்தது: பூச்சிக்கு முன்பே.' என்று எழுதி, சட்டத்தின் கண்ணாடி மேல் ஒட்டினார்.

"எல்லாத் தப்பையும் இப்படித்தான் ஒட்டுவீங்களா?"

"மெஷின்ல ஒட்டுவேம்மா. கதையில இதுதான் முதல் தடவை."

அதோடு விட்டாரா? மறுபடி குனிந்து, 'பூச்சி: எங்கள் வீட்டுக் குளியலறை' என்றும் சேர்த்தார். நான் முகத்தை மூடிக்கொண்டேன். தலைமையாசிரியைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து கணினி அறையின் சாவியை எடுத்து வைத்தார்.

"நாளைக்குக் காலையில வந்து பாருங்க. சீட்டு நிறையக் கொண்டாங்க."

வெளியே வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தான் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு, "அந்தம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு, பாத்தியா?" என்றார், ஏதோ இவர் சொல்லிக்கொடுத்த மாதிரி.