நடுவிலிருந்து நகர்ந்த வெள்ளைப் புள்ளி

எழுபதுகளின் தொடக்கத்தில் மூளைக்குள் எட்டிப் பார்க்கும் ஸ்கேன் எதுவும் மெட்ராஸுக்கு வந்திருக்கவில்லை. எக்ஸ்ரேதான். அதைப் படித்துச் சொல்ல எங்கள் மயிலாப்பூர் வீட்டில் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. தலைமை நிபுணர் நான். தகுதி: பி.ஏ. சரித்திரம், அதுவும் இரண்டாவது முயற்சியில்.

அண்ணாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. காலையில் எழுந்தால் தலைவலி, வாந்தி. தி.நகர் ஆபீசுக்குக் கிளம்பியவர், பஸ் நம்பர் தெரியாமல் ஏறி அடையாறில் போய் இறங்கினார். "காத்து வாங்கப் போனேன்டா" என்று சமாளித்தார். கண் டாக்டர் கண்ணாடிக்கு எழுதிக் கொடுப்பார் என்று பார்த்தால், மண்டையை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டார்.

படம் வந்ததும் ஜாதகம் பார்க்கிற சிரத்தையோடு கூடத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தோம். நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, அரிசிமணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"இதோ, கட்டி!" என்றேன்.

"இவ்ளோண்டுதானா?" மன்னி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஹோமியோபதில கரைஞ்சுடும்" என்றார் மாமா.

"அரிசிதானே? குக்கர்ல வெச்சா வெந்துடும்" என்றார் அண்ணா. வீடே சிரித்தது. மன்னி பாயசம் வைத்தாள். வைத்தியருக்குத் தட்சிணையாக எனக்கு இரண்டு டம்ளர்.

மறுநாள் மூளை டாக்டரிடம் அந்தப் புள்ளியை விரலால் தொட்டே காட்டினேன். அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

"இது கட்டி இல்லை. மூளைக்கு நடுவுல பலருக்கும் இருக்கற சுண்ணாம்புத் துளி. உங்களுக்கும் இருக்கலாம்."

மூளை இருந்தால், என்று நானே மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன்.

"ஆனா நடுவுல இருக்கணும். இங்கே இடது பக்கம் நகர்ந்திருக்கு. வலது பக்கத்துலேர்ந்து ஏதோ தள்ளுது."

"அந்த ஏதோ எங்கே டாக்டர்?"

"நீர்க்கட்டியா இருந்தா எக்ஸ்ரேல தெரியாது. நீரும் மூளையும் படத்துல ஒரே சாம்பல். எதைத் தள்ளியிருக்குன்னு பார்த்துதான் கண்டுபிடிக்கணும்."

ஆஸ்பத்திரியில் சேர்த்து, மண்டையில் சின்னதாக இரண்டு துளை போட்டு, உள்ளே காற்றைச் செலுத்தி மறுபடி படம் எடுத்தார்கள். காற்று கறுப்பாக விழுந்தது. ஒழுங்கான மூளையில் அது பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி இருக்குமாம். அண்ணாவுக்கு இடது சிறகு விரிந்திருந்தது. வலது, யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி. பக்கத்தில் டாக்டர் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். எலுமிச்சம்பழம் அளவு வட்டம். முறைத்து முறைத்துப் பார்த்தேன். அதற்குள் ஒன்றுமே இல்லை.

ஊசி விட்டு நீரை எடுத்தார்கள். தலைவலி விட்டது. மாமா தன் ஹோமியோபதி மாத்திரைதான் காரணம் என்றார். சில வாரங்களில் தலைவலி திரும்பி வந்தது.

"எடுக்க எடுக்க ஊறும். வேர் இருக்கற இடத்துல கத்தி வைக்க முடியாது. போன பார்வையும் வராது" என்றார் டாக்டர்.

அண்ணாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒரு மத்தியானம் அந்த முதல் படத்தைக் கேட்டார். கையில் கொடுத்தேன். உயர்த்திப் பிடித்தார், அலமாரிப் பக்கமாக. ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"புள்ளி தெரியறதாடா?"

"தெரியறது."

"நடுவுலயா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் நான். "நடுவுலதான் அண்ணா" என்றேன்.

படத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மன்னிகிட்ட சொல்லு, பாயசம் வெக்கட்டும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.