நிரந்தர முகவரி

எனக்கு எழுபத்தெட்டு வயது. மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். நடு மகன் ஆயுள் தண்டனைக் கைதி. அதற்காக, யாராவது கேட்டால் இரண்டு என்று குறைத்துச் சொல்லும் வழக்கம் என்னிடம் இல்லை. மூன்றுதான்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

கல்யாணமாகி, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. டாலிகஞ்சில் இந்த வீட்டை வாங்கினோம். பிள்ளைகள் மூவரும் இங்கேதான் பிறந்தார்கள். துர்கா பூஜைக்குத் தெருவில் கிச்சடி கிண்டினால் உப்புப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் ஊர் எது என்று கேட்டால், வீட்டில் எல்லோரும் அந்தக் கிராமத்தின் பெயரைத்தான் சொல்வோம். பள்ளிக்கூடத்திலும் சரி, ஆபீசிலும் சரி, நிரந்தர முகவரி என்றால் அதுதான். இங்கே உள்ள தமிழர்கள் அநேகம் பேர் அப்படித்தான். சம்பளத்துக்கு வந்த இடம், ஒருநாள் திரும்பிவிடுவோம் என்று ஒரு நினைப்பு. அங்கே இருந்த ஓட்டு வீடு எப்போதோ விழுந்து, மனையும் கை மாறிவிட்டது. நினைப்பு மட்டும் போகவில்லை.

மார்க்கெட்டில் நடந்த சண்டையில் என் மகன் ஒருவனைக் கட்டையால் அடித்தான். அடிபட்டவன் செத்துப் போனான். செத்தவனுக்கும் ஒரு தாய் இருந்தாள். அவள் முகத்தைக் கோர்ட்டில் பார்த்த பிறகு, என் மகனுக்காகப் பேச எனக்கு வாய் வரவில்லை. அனுபவிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அவன் என்னிடம் விட்டுப்போன பெண்குழந்தை வளர்ந்து வேலைக்கும் போன பிறகு, அலிப்பூரில் இருக்கும் எங்கள் வக்கீல் கூப்பிட்டனுப்பினார். வங்காளி. என்னை மாஷிமா என்பார், நாம் சித்தி என்பதுபோல.

"மாஷிமா, சட்டத்த மாத்திட்டாங்க. ரொம்ப வருஷம் உள்ளே ஒழுங்கா இருந்தவங்க மனுவ இனிமே அரசாங்கக் குழு பார்த்தே ஆகணும். முன்ன மாதிரி மூலையில போட முடியாது."

திரும்பும்போது பஸ்ஸில், அவனுக்கு எங்கே படுக்கை போடுவது என்று மனசுக்குள் கட்டிலை நகர்த்திக்கொண்டே வந்தேன்.

புதுச் சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. கைதியின் ஊருக்குப் போலீஸ் போய் விசாரிக்க வேண்டும்: வீடு இருக்கிறதா, ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறதா, அக்கம்பக்கம் என்ன சொல்கிறது என்று. அதற்கு நான் பயப்படவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

"வரட்டும், நானே டீ போட்டுக் குடுத்துச் சொல்றேன்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "உன் பையன் நல்லவன்னு சொல்லிடுவேன். உன்னப் பத்திக் கேட்டாத்தான் யோசிக்கணும்!"

போலீஸ் வரவே இல்லை. வக்கீல்தான் மறுபடி கூப்பிட்டார்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு மாஷிமா. அந்த இடத்துல வீடே இல்லையாம். உங்க குடும்பத்த யாருக்கும் தெரியலையாம். கூட்டிக்க ஆள் இல்லைன்னு மனுவத் தள்ளிட்டாங்க."

"எந்த இடத்துல?"

கிராமத்தின் பெயரைச் சொன்னார். கைதான அன்று கேட்டதற்கு என் மகன் சொன்ன முகவரி. அதுவே கோர்ட்டுக்குப் போய், சிறைக்கும் போயிருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கும் இந்தத் தெருவில் ஒருவரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"திருத்த முடியாதா?"

"திருத்தலாம். ஆனா ஒரு தடவ தள்ளிட்டா, சில வருஷம் கழிச்சுத்தான் திரும்பப் பார்ப்பாங்க. அதுவும் புதுச் சட்டந்தான்."

அவர் படி இறங்கக் கை கொடுத்தார். வேண்டாம் என்று நானே இறங்கினேன்.

அடுத்த முறை சிறைக்குப் போனபோது, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்ற மகனிடம் கேட்டேன்: "அந்த ஊர ஏம்ல சொன்ன?"

"நீயும் அப்பாவும் சொல்லிக் குடுத்ததத்தானம்மா சொன்னேன்? நான் அங்க போனதே ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் வயித்தால போச்சு."

சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிளம்பும்போது, "நீ அடிக்கடி வராதம்மா, பஸ் ஏறி எறங்க முடியல ஒனக்கு," என்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு.

அவன் இந்த வாசலில் ஏறுவதை நான் பார்க்கப்போவதில்லை. அவனுக்கும் அது தெரியும். கட்டிலைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டேன்.

அவன் மகள் என்னோடுதான் இருக்கிறாள். சால்ட் லேக்கில் வேலை. வங்காளந்தான் வாயில் சரளமாக வரும், தமிழ் வாசிக்க நான் சொல்லிக் கொடுத்தது. இப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றுகிறாள்.

ஏட்டி, கை கழுவிட்டு இங்க வா. ஆச்சி எழுதினத வாசிச்சுக் காட்டு. அடுத்த தடவ போலீஸ் விசாரிக்க வந்தா நான் இருக்கமாட்டேன், நீதான் சொல்லணும், உங்கப்பன் வீடு இதுதான்னு. மொதல்ல இருந்து வாசி. மெதுவா.