மூன்று சிஸ்டமும் மின்னல் அக்காவும்

எங்கள் அலுவலகத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சிஸ்டம் என்பார்கள். பதினெட்டு கம்ப்யூட்டருக்கும் நான்தான் காவல்காரன், நான்தான் வைத்தியன். கம்ப்யூட்டரை ஓட்டும் சிஸ்டங்களில் லினக்ஸ்தான் என் கட்சி; அதைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் மச்சான் மேக் கட்சி. நானும் அவரும் ஓரிடத்தில் உட்கார்ந்தால் தட்டில் சாப்பாடு ஆறிப்போகும்வரை இதே பேச்சுதான். "ரெண்டு பேரும் அந்தப் பொட்டியில ஒரு லெட்டராவது உருப்படியா அடிச்சிருக்கீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு நேரம் இருந்ததில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மின்னல் அக்காவைப் பற்றி.

டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். நாங்கள் அதைக் கேட்டு டைப் செய்து அறிக்கையாகத் திருப்பி அனுப்புவோம். மற்றவர்கள் நாளுக்கு இருபது அறிக்கை முடித்தால் அக்கா முப்பது முடிப்பார்; அதனால்தான் மின்னல். அவருக்குக் கண் தெரியாது. பதினேழு வயதில், மூன்றே மாதத்தில், பார்வை போய்விட்டது. இடது காதில் டாக்டர் பேசுவார். வலது காதில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் பேசும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், எடுத்தால் நிற்பார். அந்த வாசிக்கும் குரலை அவர் மூன்று மடங்கு வேகத்தில் வைத்திருப்பார். ஒருநாள் அவருடைய ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல இருந்தது, ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

இங்கே வருவதற்கு முன் ஆறு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். கண் தெரியாதவர் என்றால் உடனே போனைக் கையில் கொடுத்துவிடுகிறார்களே, அந்த வேலை. "வணக்கம், யார்கிட்ட பேசணும், லைன்ல இருங்க. ஆறு வருஷம் இதைத் தவிர அங்க நான் வேற எதுவும் பேசல, சிஸ்டம்" என்று சொல்லியிருக்கிறார். டைப்பிங் வேலைக்காகச் சண்டை போட்டு, வீட்டுக்காரர் வேன் ஓட்டும் நேரம்போக மகளைப் பார்த்துக்கொள்ள, மாலை வகுப்பில் படித்து வந்தவர். எங்களிடம் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஜன்னலை ஒட்டிய நாற்காலி அவருடையது.

போன மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டம், நம்ம மெஷின் எதுவும் புது விண்டோஸைத் தாங்காதாமே? விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணையும் ஒப்பிட்டு ஒரு ரிப்போர்ட் குடுங்க."

இதற்காகத்தானே நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். பதினான்கு தலைப்பில் எழுதித் தள்ளினேன். விண்டோஸில் எந்தச் சாமான் வாங்கி மாட்டினாலும் ஓடும், எல்லோருக்கும் கை பழகியது. ஆனால் வைரஸும் அதைத்தான் முதலில் தேடி வரும், பழைய மெஷினை மதிக்காது. மேக் வழுவழுவென்று ஓடும், எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஆனால் பதினெட்டு வாங்கினால் முதலாளி கடையை மூட வேண்டியதுதான், உள்ளே கைவைக்கவும் விடாது. லினக்ஸ் சும்மா கிடைக்கும், கிழட்டு மெஷினிலும் ஓடும், திறந்து பார்த்து நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பிரிண்டர் முரண்டு பிடித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு. இந்தக் கடைசிக் குறையை மட்டும் சின்ன எழுத்தில் போட்டேன். முடிவில் அழுத்தமாக ஒரு வாக்கியம்: எல்லா மெஷினிலும் ஒரே சிஸ்டம் இருக்க வேண்டும், ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தாலும் பராமரிப்பு இரட்டிப்பாகும். முதலாளி கையெழுத்துப் போட்டார். ஒரு சனிக்கிழமை ஆபீஸுக்கு லீவு விடச் சொல்லி, ஞாயிறோடு சேர்த்து இரண்டே நாளில் பதினெட்டையும் லினக்ஸுக்கு மாற்றினேன். பெடல்கூட வேலை செய்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தேன்.

திங்கள் காலை அக்கா வந்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டினார். கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டினார், இன்னொன்றைத் தட்டினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "சிஸ்டம், எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார்.

வாசிக்கும் குரல் ஒன்று வேண்டும் என்பதே எனக்கு நினைவில்லை. பதினெட்டு மெஷினையும் கண்ணால் பார்த்துப் பார்த்துச் சோதித்தவன் நான். ஓடிப்போய்க் குரலை இயக்கினேன். பேசியது. ஆனால் டாக்டர் பேச்சை ஓட்டும் நிரலுக்குள் போனதும், "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. பட்டன்மேல் படம் இருந்தது, பெயர் இல்லை. கண் உள்ளவனுக்குப் படம் போதும். அன்று அக்கா நான்கு அறிக்கை முடித்தார். செவ்வாய் ஏழு.

முதலாளி கெட்டவர் இல்லை, அவசரக்காரர். செவ்வாய் மாலை என் மேசைக்கே வந்து, "சனிக்கிழமை வரைக்கும் பாப்போம். சரிப்படலன்னா அவங்களை போன்ல உக்கார வச்சிடலாம்" என்றார். ஒரே ஒரு மெஷினில் பழைய விண்டோஸையே திரும்பப் போட்டுவிடலாம் என்றேன். அவர் கையில் இருந்த கோப்பைப் புரட்டி என் கடைசி வாக்கியத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். "உங்க எழுத்துதானே?"

புதன் காலை அக்காவிடம் போய், "பழகிடும் அக்கா" என்றேன். இதைவிட மட்டமாக எதையும் சொல்லியிருக்க முடியாது.

"உங்க மானிட்டரை அணைங்க. ஹெட்போனை மாட்டுங்க. ஒரு ஃபைலைத் திறந்து மூணு வரி அடிங்க, போதும்" என்றார் அவர்.

இருபது வருஷமாக நான் உயிரைக் கொடுத்து வாதாடிய சிஸ்டம். பட்டன் என்றது. இன்னொரு பட்டன் என்றது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எப்படியோ மூன்று வரி அடித்துவிட்டு மானிட்டரைப் போட்டால், அடித்ததெல்லாம் தேடும் பெட்டிக்குள் கிடந்தது. அக்கா சிரிக்கவில்லை. எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

ஓடத்தான் செய்தேன், அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே. அந்த நிரல் திறந்த நிரல்; யாரும் உள்ளே போய்த் திருத்தலாம். நான் புகழ்ந்து எழுதிய அந்த ஒரு குணமாவது நிஜமாக இருந்ததே. அவர் ஒவ்வொரு பட்டனாகத் தொட்டு, "இது ஊமை. இதுவும் ஊமை" என்பார். நான் ஓடிவந்து அதற்குப் பெயர் எழுதுவேன், ஓடிப்போய் ஏற்றுவேன். மொத்தம் நாற்பத்தொரு பட்டன். அது முடிந்தால் அவருடைய வேகத்தில் குரல் திக்கியது. வேறு குரல் தேடினேன். அவர் விரல் பழகிய ஷார்ட்கட் சாவிகளை ஒவ்வொன்றாகப் பழையபடி வைத்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை, சனிக்கிழமை என்றே மனது அடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பார்த்து அக்கா அரைநாள் லீவு போட்டார். இந்த நேரத்திலா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இருபத்தெட்டு அறிக்கை. முதலாளி பட்டியலைப் பார்த்துத் தலையாட்டினார். நான் அக்காவிடம் ஓடினேன்.

"சார் சரின்னுட்டாரு அக்கா. இந்த சீட் உங்களுக்குத்தான்."

அவர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். "நல்லா பண்ணியிருக்கீங்க. பழசை விட இது லேசா இருக்கு, உங்க மனசுக்காகச் சொல்லல. ஆனா அடுத்த மாசத்துல இருந்து நான் வேற இடம் போறேன். நேத்து இன்டர்வியூக்குத்தான் போனேன். இதே வேலைதான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "நாலு நாளா நாயா அலைஞ்சேனே அக்கா. இப்பதான் எல்லாம் சரியாச்சே?"

"ஆச்சு. செவ்வாய்க்கிழமை என்னை எங்க உக்கார வைக்கலாம்னு நீங்களும் சாரும் பேசிக்கிட்டீங்களே, நான் ரெண்டு மேசை தள்ளித்தான் இருந்தேன். நேத்து அங்க போய் உக்காந்ததும் இன்டர்வியூ எடுத்த அம்மா கேட்ட முதல் கேள்வி, உங்களுக்கு எந்த சிஸ்டம் வசதின்னு. பன்னெண்டு வருஷத்துல இங்க யாரும் என்னை அதைக் கேட்டதில்ல, சிஸ்டம்."

ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் நான் கேட்ட கேள்வி அது. அவரைக் கேட்டதில்லை. வெட்கத்தில் காது சுட்டது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணையும் ஒவ்வொரு வாரம் வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்னேன். சரின்னுட்டாங்க."

சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெடலை மிதித்தார்.