பக்கத்துக் கட்டில் பாம்புக்கடி

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று விசாரித்த எல்லோருக்கும் நன்றி. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் படுத்திருந்தேன். வாந்தி, பேதி. எங்கள் ஊர் திண்டிவனத்தில் ஊசி போட்டும் நிற்கவில்லை. சலைன் ஏற்ற வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

"பெருசா ஒண்ணுமில்லம்மா" என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. வாசகர்களுக்குத் தெரியும், நான் எதைத்தான் நம்பியிருக்கிறேன்? கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிறவள்.

ஆனால் இன்றைக்கு எழுத வந்தது என் வயிற்றைப் பற்றி அல்ல... என் வயிற்றெரிச்சலைப் பற்றி.

பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை. காணைப் பக்கத்துக் கிராமம். கரும்பில் சோகை, அதாவது காய்ந்த இலை, உரித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி விரியன் காலில் போட்டுவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் ஆபத்தையெல்லாம் தாண்டிவிட்டாள். கால் மட்டும் வீங்கியிருந்தது. தலையணையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். ராணி மாதிரி.

ராணிக்கு ஒரு சேடியும் இருந்தாள். பவித்ரா. வானூர்க்காரப் பெண். நர்ஸிங் படிக்கிறவள், ஹாஸ்டலில் தங்கி இங்கே பயிற்சிக்கு வருகிறாள். வெள்ளைக் கோட்டு, வலை போட்ட கொண்டை.

இந்த மாணவிகளுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. வார்டில் ஆளுக்கொரு நோயாளியைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்தான் அவளுடைய 'கேஸ்'. வாரம் முழுக்க அவரைக் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை டியூட்டர் மேடம் கட்டிலுக்கே வந்து குடைந்து குடைந்து கேட்பார். தேறினால் இந்த வார்டு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் லீவு கிடையாது. பவித்ராவுக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கல்யாணம்!

அஞ்சலை அவள் கேஸ். பிறகென்ன? தலை வாரிவிடுவது என்ன, கஞ்சி ஆற்றிக் கொடுப்பது என்ன... தினமும் டேப் வைத்துக் கால் வீக்கத்தை அளப்பாள்.

"அம்மா, இன்னிக்குக் கொறஞ்சிருக்குதும்மா!"

"நீ தொட்டாலே கொறையுது கண்ணு."

இருவரும் சிரிப்பார்கள். நான் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எனக்கு யாராவது எதையாவது அளந்தார்களா?

ஒருநாள் தாங்க முடியாமல் கூப்பிட்டேன். "பாப்பா, இந்த டியூப்ல குமிழி ஒண்ணு போவுது பாரு."

"சின்னதுதான் ஆன்ட்டி. ஒண்ணும் ஆவாது."

அஞ்சலை அம்மா. நான் ஆன்ட்டி. விசாரித்துப் பார்த்தேன் - அஞ்சலை என்னைவிடச் சின்னவள்!

சேடி என்று சொன்னேனே தவிர, அந்தப் பெண்ணின் பாடு பெரும் பாடு. "பாப்பா, லேபுக்கு ரத்தம் எடுத்துக்கினு போ." "பாப்பா, ஸ்டோர்ல பஞ்சு வாங்கியா." தெர்மாமீட்டர் காணாமல் போனால் முதல் கேள்வி மாணவிகளுக்குத்தான். வார்டில் நாற்காலி இருக்கிறது, ஆனால் மாணவி உட்காரக்கூடாது. எதிர்க் கட்டில் கிழவியின் மகன் ஒருநாள் கத்தினான்: "நீ வேணாம் பாப்பா, பெரிய சிஸ்டர வரச் சொல்லு. நீ கத்துக்கறதுக்கு எங்கம்மா கைதான் கெடைச்சுதா?"

"சரிங்கண்ணா" என்று சிரித்துவிட்டுப் போனாள். போர்வை அலமாரிக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். பிறகு நேராக அஞ்சலையிடம்தான் போனாள். பக்கத்துக் கட்டிலில் நான் ஒருத்தி இல்லையா?

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள் நான். வெள்ளைக் கோட்டுப் பெண்களைப் பார்த்தால் உள்ளே சுருக்கென்று ஒன்று தைக்கும். அந்தப் பொறாமை, நாளெல்லாம் உட்காராமல் அவள் நின்ற கால்களைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கிவிட்டது. அஞ்சலை மேல் இருந்ததுதான் அடங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் அஞ்சலையின் புருஷன் வந்தார். வேட்டியெல்லாம் சேறு.

"ஏய் அஞ்சல, மில்லுல இருந்து கட்டிங் ஆர்டர் வந்துடுச்சி. நாளைக்குக் கரும்பு வெட்ட ஆளு எறங்குது, அப்புறம் உன்னக் கூட்டிக்கினு போவ நான் வர முடியாது. டாக்டரு போலாம்னுட்டாரு. ஜல்தியா கெளம்பு."

பவித்ராவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்பா, ஒரே ஒரு நாளுப்பா. நாளைக்கு மேடம் பாத்துட்டாங்கன்னா உடனே கூட்டிக்கினு போங்கப்பா."

"அதெப்டி பாப்பா? மில்லுக்காரன் என்னக் கேட்டா லாரி அனுப்பறான்? இப்ப வுட்டா கரும்பு காஞ்சி சக்கையாயிடும். எம்மாம் பேஜாரு தெரியுமா?"

அஞ்சலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்ன வுட்டுட்டுப் போவ மனசே வர்ல கண்ணு. இன்னா பண்ணட்டும் சொல்லு?"

போய்விட்டாள்.

"ஏய் பவி, உன் கேஸு எஸ்கேப்பா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். கிண்டல்தான், ஆனால் குரலில் பயமும் இருந்தது. அவளுடைய கேஸும் டாக்டரிடம் வீட்டுக்குப் போகவா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். நோயாளியை எழுந்து நடக்க வைக்கத்தான் இவர்களுக்குப் பாடம். நடந்து போய்விட்டால் இவர்களுக்கே மார்க் இல்லை! எந்தப் பிள்ளையார் இந்த வேண்டுதலைக் கேட்பார் - 'சாமி, என் பேஷண்ட் பிழைக்கணும், ஆனா வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்'?

நான் என்ன நினைத்தேன்? அப்பாடா, கட்டில் காலி என்று நினைத்தேன். மெல்லக் கூப்பிட்டேன்.

"பாப்பா... என்னை எடுத்துக்கோயேன்."

திரும்பிப் பார்த்தாள். தயங்கினாள். "உங்களுக்கு வெறும் லூஸ் மோஷன்தானே ஆன்ட்டி... போன பேட்ச்ல எல்லாரும் அதையே எடுத்துட்டாங்க. மேடம் திட்டுவாங்க."

வெறும்! நான் என்ன செய்வது, திண்டிவனத்து விரியன் என்னைச் சீண்டவில்லையே. என் வியாதிகூட அடுத்தவள் வியாதி முன்னால் நிற்க லாயக்கில்லை.

மற்ற கட்டில்களுக்கெல்லாம் போனாள். சிலரை ஏற்கெனவே தோழிகள் எடுத்திருந்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் என்னிடம்தான் வந்தாள்.

"சரி ஆன்ட்டி. ஆனா எதையும் மறைக்காம சொல்லணும்."

மறைப்பதா? நானா? கேட்கிறதற்கு ஆள் கிடைக்காமல் கிடந்தவள் அல்லவா. எத்தனை தரம் பேதி என்பதில் ஆரம்பித்து, ராத்திரியில் என் இதயம் நின்று நின்று ஓடுவது வரை சொன்னேன். என் வீட்டுக்காரர் ஒருநாளும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டாள். சாயங்காலம் கிளம்பும்வரை என் கட்டிலையே சுற்றிக்கொண்டிருந்தாள். மாத்திரை, ஊசி எதுவானாலும், இது எதற்கு, கொஞ்ச நேரத்தில் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் செய்தாள். இந்த ராணிக்கும் சிம்மாசனம் கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். பின்னால் மாணவிகள் கூட்டம். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பதில் சொல்லப்போவது அவள், வேர்ப்பது எனக்கு!

"பாம்புக்கடி எங்க?"

"டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க மேடம். நேத்துல இருந்து இவங்க என் கேஸ்."

"ஒரு நாள்ல என்ன தெரிஞ்சிருக்கும் உனக்கு? சரி சொல்லு. பேஷண்டோட மெயின் பிராப்ளம் என்ன?"

பவித்ரா என்னைப் பார்த்தாள். 'பேதி என்று சொல்லித் தொலையேன்' என்று நான் கண்ணாலேயே சொன்னேன்.

"பயம் மேடம்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"லூஸ் மோஷன் கன்ட்ரோல் ஆயிடுச்சி மேடம். இவங்க வந்த நாள்ல இருந்தே பக்கத்து பெட்ல நின்னுக்கினு பாத்துக்கினுதான் இருந்தேன். சலைன் பாட்டில்ல இருந்து கண்ண எடுக்க மாட்டாங்க. யாரு கிராஸ் பண்ணாலும் சரியா எறங்குதான்னு கேப்பாங்க. வீட்டுக்கு போன் பண்ணி கேஸ் அடுப்ப அணைச்சிட்டீங்களாம்பாங்க. பல்ஸ் பாக்கப் போனா, அதுக்கே பல்ஸ் ஏறும் மேடம்."

வார்டே சிரித்தது. எதிர்க் கட்டில் கிழவியின் மகனும். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் அஞ்சலையின் காலை அளந்துகொண்டே, இந்தப் பெண் என்னையும் அளந்திருக்கிறாள்!

மேடம் சிரிக்கவில்லை. "சரி. அதுக்கு நீ என்ன செஞ்ச?"

"எது செஞ்சாலும் இது இதுக்குன்னு முன்னாடியே சொல்லிட்டு செஞ்சேன் மேடம். நைட்டு தூங்கினாங்களாம். காலையில பல்ஸ் நார்மல். பாட்டில பத்தி இன்னும் ஒரு வாட்டிகூட கேக்கல மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். "அப்டியாம்மா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பாட்டில் எப்போதோ தீர்ந்து, கழற்றியே வைத்திருந்தார்கள்.

"குட். லீவுக்குக் கிளம்பு" என்றார் மேடம்.

அன்று சாயங்காலமே எனக்கும் டிஸ்சார்ஜ். திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு டீச்சரம்மா 'குட்' என்றதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். பாதி 'குட்' எனக்கும் சேர்ந்ததுதானே?

இப்போது அக்கா கல்யாணம் முடிந்து அவள் திரும்பியிருப்பாள். வேறு வார்டு. புதுக் கேஸ். அது யாரோ, நன்றாக இருக்கட்டும்... எனக்குச் செய்ததைவிட ஒரு பங்கு குறைவாகச் செய்தால் போதும்!