அத்தையின் முப்பது நாள் விசா

எனக்கு ஒன்பது வயதாகும்வரை விசா என்பது ஊரைவிட்டுப் போகிறவர்கள் வாங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். பிறந்த ஊருக்கு வருவதற்கும் ஒருத்தி அதை வாங்கவேண்டியிருக்கும் என்பது, கனடாவிலிருந்து அத்தை வந்தபோதுதான் தெரிந்தது. தெரிந்ததே தவிர, புரியவில்லை.

அத்தை அப்பாவின் அக்கா. ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில்தான் பிறந்தாள். கல்யாணமாகிப் போனவள் அந்த நாட்டுக் குடிமகளாகவே ஆகிவிட்டாள். இப்போது வந்திருப்பது எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் தீச்சட்டி எடுக்க. முந்தின வருடம் அப்பாவின் பைக்கை லாரி தட்டியபோது, தம்பி பிழைத்தால் வந்து எடுக்கிறேன் என்று அங்கிருந்தபடியே நேர்ந்துகொண்டிருந்தாள்.

அவள் வந்த மறுநாளே அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சின்னமனூர் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார். வெளிநாட்டுக்காரர் யார் வீட்டில் தங்கினாலும் ஒரு நாளுக்குள் பதிந்துவிட வேண்டுமாம். அங்கிருந்தவர் தட்டிக்கொண்டே கேட்டார்.

"எதுக்கு வந்திருக்காகண்ணே?"

"எங்க அக்காதான் தம்பி. பொறந்த வீட்டுக்கு வந்திருக்கு."

"பொறந்த வீடுனு இதுல இல்லண்ணே. விசாவுல சுற்றுலானு இருக்கு, அதையே போட்டுர்றேன்."

அப்பா தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் குழப்பம். வந்ததிலிருந்து அடுப்படியைவிட்டு நகராதவள் எதைச் சுற்றிப் பார்க்கிறாளாம்?

விசாவுக்கு முப்பது நாள். பால் பாக்கெட்டில் இருப்பதுபோல அத்தைக்கும் ஒரு தேதி போட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் கெட்டுப்போவாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவள் என்னவோ திருவிழா நாள் பார்த்துத்தான் டிக்கெட் போட்டிருந்தாள். ஆனால் ஊரில் ஒரு சாவு விழுந்து, திருவிழாவை எட்டு நாள் தள்ளிவைத்துவிட்டார்கள். இப்போது காப்பு கட்டிய நாலாம் நாள் விசா முடிகிறது. தீச்சட்டியோ எட்டாம் நாள்.

அம்மனுக்குக் காப்பு கட்டும்போது ஊரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் திருவிழா முடியும்வரை எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. தங்கினால் குடும்பத்துக்கு ஆகாது.

"காப்பு கட்டுறதுக்கு முன்னாடியே தேனியில ரூம் போட்டுத் தங்கிக்கங்க மதினி," என்றாள் அம்மா.

நல்ல யோசனைதான். அத்தை கேட்டால்தானே. விசாவை நீட்டித் தரச்சொல்லி எழுதிப் போட்டிருந்தாள். கட்டாயம் கிடைக்கும் என்று நம்பி ஊரிலேயே இருந்தாள். காப்பு கட்டிய மறுநாள் பதில் வந்தது. இந்த வகை விசாவை நீட்டிக்க முடியாதாம். மீறி இருந்தால் அடுத்த முறை வருவதே சந்தேகமாம்.

சர்க்கார் இருக்காதே என்கிறது, சாமி போகாதே என்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அப்பா புலம்பிக்கொண்டே திரிந்தார். கடைசியில் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். அப்பா விசாவைப் பற்றி விளக்க ஆரம்பித்ததும் பூசாரி பாதியிலேயே கையமர்த்தினார்.

"காப்பு ஊர்க்காரவுகளுக்குத்தான்ப்பா. விருந்தாளியா வந்தவுக எப்ப வேணாலும் போகலாம். ஏத்தா, நீ இந்த ஊரா, வெளியூரா? அத ஆத்தா முன்னால ஒன் வாயால சொல்லிட்டுப் போ. ஒரு குத்தமும் வராது."

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. அம்மா அத்தையின் முழங்கையைத் தொட்டாள். அத்தை சன்னதியையே பார்த்தபடி நின்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. எவ்வளவு சுலபமான கேள்வி, பதிலையும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"நான் வெளியூருதான்," என்றாள் அத்தை.

பூசாரி திருநீறு கொடுத்தார். தீச்சட்டியை அத்தைக்குப் பதிலாக அம்மா எடுப்பதென்று ஏற்பாடாயிற்று. பெரிய சிக்கல் ஒரே வார்த்தையில் தீர்ந்ததில் எனக்கு ஏக சந்தோஷம். வீட்டுக்கு வந்தால், அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சோறு வேண்டாம் என்றாள். சாமிக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொன்னேன்.

"அழுகாதீக அத்தை. நீங்க சும்மா பொய்தான் சொன்னீகனு ஆத்தாளுக்குத் தெரியும்."

அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள். பொய் சொன்னதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சொன்னது பொய்யாக இல்லாமல் போனதற்காகவும் ஒருத்தி அழுவாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.